காய்ச்சி ஆறவைத்த தண்ணீர்

என் மனைவி நிர்மலா ஓசூரில் செல்போன் பாகங்கள் பூட்டும் கம்பெனியில் வேலை செய்கிறாள். ஷிப்ட் தொடங்கும் முன் தினமும் அங்கே பாதுகாப்பைப் பற்றிப் பேசுவார்கள். அதைக் கேட்டுக் கேட்டு எங்கள் வீட்டு அடுப்படியும் சிப்காட் தொழிற்பேட்டை மாதிரி ஆகிவிட்டது. ஆயுத பூஜை லீவுக்குக் கன்னட நாட்டு ஆகும்பே மழைக்காட்டைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் இல்லை.

அதற்குக் காரணம் உண்டு. எங்கள் மகள் ரூபாவுக்கு இரண்டு வயதில் காய்ச்சல் ஏறி ஜன்னி வந்து கண் மேலே சொருகிக்கொண்டது. இப்போது அவளுக்கு ஆறு வயது. இன்றைக்கும் அவள் தும்மினால் நிர்மலாவின் கை தானாகத் தெர்மாமீட்டரைத் தேடும்.

அட்டை ஏறாத காலுறை, முழுக்கை சட்டை, கொசுக் களிம்பு, காய்ச்சல் சிரப், உப்புச் சர்க்கரைப் பொடி என்று பை நிறைந்தது. உண்ணி கடித்தால் பிடுங்க ஒரு சின்ன இடுக்கி வேறு.

"காட்டுக்குப் போறமா, ஆஸ்பத்திரி தொறக்கப் போறமா?" என்றேன்.

"சிரிங்க, நல்லா சிரிங்க. புள்ளைக்கு ஒண்ணுன்னா யாரு ஓடறது?"

போகிற இடத்தில் கண்ட தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்று, குண்டான் குண்டானாகக் காய்ச்சி, ஆறவைத்து, வடிகட்டி, பாட்டில்களில் நிரப்பினாள். கார் டிக்கி பாரத்தில் இறங்கிப் போயிற்று.

வழியில் ரூபா தண்ணீர் கேட்டாள். "எறங்கினதும் குடிக்கலாம் பாப்பா" என்று நிர்மலா மூடியில் ஒரு வாய் ஊற்றி உதட்டை நனைத்துவிட்டாள். மலைப்பாதையில் வாந்தி வரும் என்று பயப்படுகிறாள் போல என்று நானும் விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை, நாங்கள் தங்கிய வீட்டுக்காரர் ராமப்பன் எங்களைக் காட்டுக்குள் அழைத்துப் போனார். நான் குந்தாரப்பள்ளிப் பக்கத்துக்காரன். பாறையையும் மாந்தோப்பையும் பார்த்து வளர்ந்தவன். காடு என்றால் எங்கள் பக்கத்து ஜவளகிரிக் காடுதான் காடு என்று நினைத்திருந்தேன். அது காடே இல்லை என்று இங்கே வந்துதான் தெரிந்தது. மரத்தின் மேல் பாசி, பாசியின் மேல் செடி, செடியின் மேல் பெயர் தெரியாத ஒரு வெள்ளைப் பூ. ஒரு மரத்தின் உச்சியைப் பார்க்க நிமிர்ந்ததில் தொப்பி கீழே விழுந்தது, உச்சி தெரியவில்லை. எங்கள் ஊரில் மழை நின்றால் நின்றதுதான். அங்கே மழை நின்ற பிறகும் மரங்கள் பெய்துகொண்டே இருந்தன. கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது, கும்பிட்டேன். நிர்மலாகூடப் பையை மறந்து நின்றாள்.

ரூபா மட்டும் ஒன்றையும் பார்க்கவில்லை. ஸ்வெட்டர், அதன் மேல் மழைக்கோட்டு, தலையில் குல்லா. ஓசூர்க் குளிருக்குப் பழகிய எங்களுக்கு மழை என்றாலே குளிர்தான். ஆனால் அந்தக் காடு ஆவி பிடிக்கிற மாதிரிப் புழுங்கியது. ரூபா ஒரு வேரின் மேல் உட்கார்ந்தாள். கூப்பிட்டால் திரும்பவில்லை. உதடு ஒட்டிக்கிடந்தது. அழுதாள், கண்ணீர் வரவில்லை.

நிர்மலா தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் பெரிதாக இல்லை. அதைக் கண்டதும்தான் அவள் முகம் வெளிறியது. காய்ச்சலுக்கு என்றால் அவளிடம் எல்லாம் இருந்தது. இது என்னவென்றே அவளுக்குத் தெரியவில்லை. நான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். வாழ்நாளில் அப்படிப் பயந்ததில்லை.

ராமப்பன் எங்கள் காரிலேயே வழிகாட்டிக் கீழே ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். டாக்டர் அம்மா முதலில் குல்லாவையும் ஸ்வெட்டரையும் கழற்றி மின்விசிறியைப் போட்டார். வயிற்றுத் தோலை லேசாகக் கிள்ளிப் பார்த்தார். அவர் பேசியது கன்னடம், எங்களுக்கும் வரும். குழந்தை கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தாள் என்று கேட்டார்.

நேற்று ராத்திரி என்றாள் நிர்மலா. நான் அவளைப் பார்த்தேன்.

உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்றார் டாக்டர் அம்மா. உப்புச் சர்க்கரைப் பொடியைக் கலக்கத் தண்ணீர் எடுத்துவரக் காருக்கு ஓடினேன். டிக்கியைத் திறந்தால், வீட்டில் நிரப்பிய பாட்டில்கள் அத்தனையும் நிரப்பியபடியே நின்றன. ஒன்றில் மட்டும் கழுத்துவரை குறைந்திருந்தது; நானும் வழியெல்லாம் டீயிலேயே ஓட்டியிருந்தேன்.

"இத்தினி தண்ணி கொண்டாந்தும் குடுக்கலியா?" என்று உள்ளே வந்து கத்திவிட்டேன்.

"வழியில பாத்ரூம் எங்கீங்க இருக்குது? காட்டுல பொட்டப்புள்ளய எங்க உக்கார வெப்பன்?" என்றாள் நிர்மலா. "கம்பெனி லைன்ல நாங்க அல்லாரும் இப்பிடித்தான் இருக்கறம். எந்திரிச்சிப் போவணும்னா மாத்தாளு வரணும். மாத்தாளு ஒருத்தி, கேக்கறவங்க நாப்பது பேரு. அதுக்குக் குடிக்காமயே இருந்துடலாம்ல? பழகிப்போச்சி. புள்ளைக்கும் அதான் நல்லதுன்னு நெனச்சிட்டன்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இது எனக்குத் தெரியாது. மாலையில் அவள் தலைவலி என்று படுத்தால், இந்தப் பெண்களுக்கு எப்போதும் தலைவலி என்று கேலி பேசியவன் நான். கத்தியதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

டாக்டர் அம்மா அவளைத் திட்டவில்லை. ஒரு ஸ்பூனைக் கையில் கொடுத்து, அவசரப்படாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னார். சிறுநீர் போய்விட்டால் பயமில்லை, போகாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி டிரிப்ஸ் ஏற்ற வேண்டும் என்றார்.

ஒரு ஸ்பூன். விழுங்கினாள். இன்னொரு ஸ்பூன். வெளியே உலகத்தின் தண்ணீரெல்லாம் கூரையில் கொட்டிக்கொண்டிருக்க, நாங்கள் ஸ்பூன் தண்ணீருக்குக் காத்திருந்தோம். ஒட்டிய உதடு பிரிந்தது. கன்னத்தில் மெல்ல நிறம் வந்தது. கண் எங்களைத் தேடியது. காலையில் அத்தனை பெரிய காட்டைப் பார்த்து மலைத்தவன், இப்போது அதைவிட மலைத்துப் போய் உட்கார்ந்திருந்தேன். வெறும் தண்ணீர், வேறு ஒன்றும் இல்லை. என் பிள்ளை என் கண்ணெதிரே திரும்பி வந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, ஒண்ணுக்கு" என்றாள் ரூபா.

நிர்மலா அவளை வாரி எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வரும்போது சிரித்துக்கொண்டே அழுதாள். நான் வெட்கமில்லாமல் விம்மினேன். ராமப்பன் எழுந்து நின்று சாமி கும்பிட்டார்.

டாக்டர் அம்மா நிர்மலாவின் கையைப் பிடித்து நாடி பார்த்தார். உதட்டைப் பார்த்தார். பிறகு இன்னொரு பொட்டலத்தைப் பெரிய டம்ளரில் கலக்கி, இது உனக்கு, முழுதும் குடி என்று நீட்டினார்.

நிர்மலா டம்ளரை உடனே வாங்கவில்லை. பெரியவர்களுக்குப் பாத்ரூம் தனியாக இருக்கிறதா, அது எந்தப் பக்கம், போனால் யாராவது ஏதாவது சொல்வார்களா என்று கேட்டாள். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்று டாக்டர் அம்மா சொன்ன பிறகுதான் குடித்தாள்.