வாரா வாரம் என்னத்த மாத்துனீக

மூன்று நாளாகும் என்று அந்த அம்மாவிடம் சொன்னது நான்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

ராமநாதபுரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் கம்ப்யூட்டர் பார்ப்பது என் வேலை. காலை பத்து மணிக்கு மதுரை பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்த பூமயில், மஞ்சள் பையைக் கவுண்டரில் வைத்தார்.

"பழைய படம் வேணும் தாயி. டாக்டரு அஞ்சு மணிக்குள்ள கேக்குறாரு. போன்ல கேட்டா நாளைக்கும்பீக, அதான் நேர்ல வந்தேன்."

அவர் கணவர் ராக்கப்பன் சாயல்குடி உப்பளத்தில் மூட்டை தூக்குகிறவர். இப்போது மதுரையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கிறார். நுரையீரலில் பட்டாணி அளவுக்கு ஒரு புள்ளி. 2019-இல் இங்கே எடுத்த ஸ்கேனிலும் அதே அளவில் அது இருந்திருந்தால் பயமில்லை, வீட்டுக்குப் போகலாம். இல்லையென்றால் நாளைக் காலை நெஞ்சைத் திறக்க வேண்டும். திறந்தபின் அவர் மறுபடி மூட்டை தூக்க முடியுமா என்பதற்கு மட்டும் டாக்டர் பதில் சொல்லவில்லையாம்.

"அப்பக் குடுத்த பிலிம் எங்கம்மா?"

பூமயில் சுவரைப் பார்த்தார். "அந்த வருசம் சூரிய கிரகணம் வந்துச்சுல்ல? தெருப் பிள்ளைக கேட்டுச்சுக. ஆளுக்கொரு துண்டா வெட்டிக் குடுத்துட்டேன்."

பின்னாலிருந்து மேனேஜர் தர்மராஜ் சிரித்தார். "புருஷன் நெஞ்சு வழியா ஊரே சூரியனப் பாத்துருக்கு!"

"சிரிக்காதய்யா. வெட்டுனது என் தப்புத்தேன். எங்க கம்ப்யூட்டர்ல எப்பவும் பத்திரமா இருக்கும்னு பிலிம் போட்டுக் குடுத்த உறையில அச்சடிச்சது யாரு? நானா?"

தர்மராஜ் சார் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன்.

எங்கள் பழைய படங்கள் இருந்தது ஒரு வெர்ச்சுவல் மெஷினில். மேசைமேல் வைத்துத் தொட்டுப் பார்க்கக்கூடிய கம்ப்யூட்டர் அல்ல அது. பெரிய சர்வருக்குள் மென்பொருளாகவே வாழும் இன்னொரு கம்ப்யூட்டர். போன மழைக்கு சர்வர் அறையில் தண்ணீர் புகுந்து அது போய்விட்டது. அதன் நகல் மட்டும் கிளவுடில் இருக்கிறது. கிளவுட் என்றதும் எனக்கு மேகம்தான் தோன்றும். உண்மையில் எங்கோ ஒரு தூர நகரத்தில், ஜன்னலில்லாத குளிர்ந்த கட்டடத்தில் வரிசை வரிசையாய் விளக்குகள் மினுக்கிக்கொண்டிருக்கும் இடம் அது. அங்கே யாரும் சாயல்குடியைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

அந்த நகலை வைத்துக் காக்கும் பேக்கப் கம்பெனியில் புகார் பதிந்தேன். பதில் உடனே வந்தது: முழு மெஷினையும் மீட்க 72 மணி நேரம்.

"மூணு நாளாகும்மா" என்றேன்.

"நாளைக்கு ஆபரேசன்னு சொல்றேன், மூணு நாளுங்கிற. ஒரே ஒரு படத்துக்கு அம்புட்டு நாளா?"

விளக்க முயன்றேன். 2020 ஜனவரியில் மெஷினை முழுசாக ஒரு தடவை கிளவுடில் ஏற்றினார்கள். அன்றைக்கு இருந்த இன்டர்நெட் லைனில் அதற்கே ஒன்பது நாள் ஆனது. அதன்பின் முழுசாக ஏற்றவே இல்லை. அந்தந்த வாரம் மாறியதை மட்டும் தனித்தனித் துண்டாகச் சேர்த்தார்கள். இப்போது மீட்க வேண்டுமென்றால், முதல் நகலின்மேல் இருநூற்றைம்பது துண்டுகளையும் வரிசையாக ஒட்டிக்கொண்டு வர வேண்டும்.

பூமயில் கவனமாகக் கேட்டார். பிறகு எழுந்து நின்றார்.

"ஏத்தா, எம்புருஷனப் படம் எடுத்தது ஒரே ஒரு நாளு. அந்தப் படத்துல வாரா வாரம் என்னத்த மாத்துனீக?"

என் கன்னத்தில் அறைந்தது மாதிரி இருந்தது. நவம்பர் 2019-இல் எடுத்த ஸ்கேன். அதை அதன்பின் யாரும் தொடவே இல்லை. 2020 ஜனவரியில் ஏற்றிய முதல் நகலிலேயே அது முழுசாக இருக்கிறது. அந்த இருநூற்றைம்பது துண்டுகளுக்கும் ராக்கப்பனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

பேக்கப் கம்பெனி யோகேஸ்வரனுக்குப் போன் போட்டேன்.

"முதல் நகலை மட்டும் திறங்க. முழுசா இறக்க வேண்டாம். உள்ள எந்தப் படம் எங்க இருக்குன்னு பட்டியல் இருக்கும். அதப் பாத்து ஒரு ஃபோல்டர் மட்டும் எடுத்துக் குடுங்க."

"மேடம், கடைசி தேதி வரைக்கும் முழுசா மீட்டுத்தான் கொடுப்போம். அதான் எங்க நடைமுறை."

"செய்ய முடியுமா, முடியாதா?"

"முடியும்... ஆனா இதுவரைக்கும் யாரும் அப்படிக் கேட்டதில்ல."

"கேக்குறவங்களுக்கு அப்படி ஒண்ணு இருக்குன்னு தெரியுமா? நீங்க சொன்னீங்களா?"

"மேலிடத்துல அனுமதி வாங்கணும் மேடம். நாளைக்கு..."

பூமயில் கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார். "தம்பி, எம்புருஷன் நெஞ்சத் தொறக்க நாளைக்குக் காலைல கத்தி எடுத்து வச்சிருக்காக. ஒன் மேலிடத்துட்ட நானே பேசுறேன். நம்பரச் சொல்லு."

நம்பர் வரவில்லை. அனுமதி வந்தது. மூன்றரை மணிக்கு முதல் நகலைத் திறந்தார்கள். ஃபோல்டர் எனக்கு வந்து சேர மொத்தம் பதினான்கு நிமிடம். ராக்கப்பன், ஆண், 49. மார்பு. அறுநூற்றுச் சொச்சம் படங்கள், ஒன்றுகூடக் கெடவில்லை. உடனே மதுரைக்கு அனுப்பினேன்.

ஐந்துக்குக் கொஞ்சம் முன்னால் பூமயிலின் போன் அடித்தது. கேட்டுவிட்டு முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தார். "அதே அளவுதேனாம். நாளைக்கு வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாக."

நன்றி சொல்வார் என்று நினைத்தேன். அவர் பையை எடுத்துக்கொண்டு தர்மராஜ் சார் முன்னால் போய் நின்றார்.

"கால் மணி நேர வேலை. அந்த மூணு நாள யாருக்குய்யா வச்சிருந்தீக?"

சார் பேனாவைத் திறந்து மூடினார். பூமயில் பஸ்ஸுக்குப் போய்விட்டார். கேள்வி போகவில்லை.

பழைய புகார்களைத் திறந்தேன். இந்த வருடம் மட்டும் பதினொன்று. எல்லாவற்றின் கீழும் ஒரே வரி: வாடிக்கையாளர் மீண்டும் தொடர்புகொள்ளவில்லை, முடிக்கப்பட்டது. அதில் ஏழு பேர் 2020-க்கு முன்னால் ஸ்கேன் எடுத்தவர்கள். ஏழு பேரிடமும், இதே நாற்காலியில் உட்கார்ந்து, மூன்று நாளாகும் என்று சொன்னது நான். அவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். பூமயில் மாதிரி கேட்கத் தெரியாதது அவர்கள் குற்றமா?

"மர்வா, கெளம்பலயா?" என்றார் சார்.

"இல்ல சார்."

முதல் பெயர் கனகலட்சுமி, முதுகுளத்தூர். தலை ஸ்கேன். எண்ணை அழுத்தினேன். ஒரு ஆண் குரல் எடுத்தது. அவர் மகனாம்.

"ஸ்கேன் சென்டர்லேர்ந்து பேசுறேன். அம்மாவோட பழைய படத்த இப்ப எடுத்துக் குடுக்க முடியும்."



"எட்டு மாசம் கழிச்சா? அது இல்லாமயே தலையத் தொறந்துட்டாகம்மா. தொறந்து பாத்துட்டு, இது பழசுதான், தொட வேண்டியதே இல்லன்னாக. இப்ப எதுக்கு?"

அவர் போனை வைக்கவில்லை. என் பதிலுக்காகக் காத்திருந்தார்.