நடு ஸ்பீக்கருக்கு இரண்டு நூல்

அந்த ஸ்பீக்கரை வாங்கவே கூடாது என்று ஒரு வாரம் தொண்டை கிழியக் கத்தியவள் நான். அது வீட்டுக்குள் வந்த ஞாயிற்றுக்கிழமை, அதை எப்படியாவது பொருத்தியே தீர வேண்டும் என்று தவியாய்த் தவித்தவளும் நான்தான். பைத்தியக்காரி என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். எனக்குக் காரணம் இருந்தது.

என் வீட்டுக்காரருக்குக் காது மந்தமாகிவிட்டது. இருபத்தாறு வருஷமாக லேத் பட்டறையில் நின்று இரும்பு கடைகிறார். அந்த இரைச்சலில் நின்றால் யாருக்குத்தான் ஆகாது? ஆனால் மனுஷர் ஒத்துக்கொண்டால்தானே! டிவியில் பாட்டு கேட்கிறதாம், இடி கேட்கிறதாம், பேச்சு மட்டும்தான் விளங்கவில்லையாம். "இப்பல்லாம் எவன் வாயைத் திறந்து பேசறான்? எல்லாம் முணுமுணுப்புதான்" என்று நடிகர்களைத் திட்டுவார். நடிகர்கள் முடிந்ததும் ஸ்பீக்கரைத் திட்டுவார். வெளியூரில் இருக்கும் மகள் போனில் "அப்பா, மூணு நாளா காய்ச்சல்" என்றபோது, "ரொம்ப சந்தோஷம்மா" என்றார். அவள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். போன மாதம் துவைக்க எடுத்த சட்டையில், வலது கை முழங்கைவரை முறுக்கிப் பிய்த்த மாதிரி கிழிந்திருந்தது. "ஆணி மாட்டிக்கிச்சு" என்றார். இரண்டு நாள் கழித்து அவருக்குப் பக்கத்து மிஷினில் வேலை செய்கிறவரைக் கடைத்தெருவில் பார்த்தேன். அவர்தான் சொன்னார். இரும்பைக் கவ்விக்கொண்டு சுழலும் தலைக்கு லேத்தில் சக் என்று பெயர். அதற்குப் பக்கத்தில் சட்டைக் கை தொங்குவதைப் பார்த்து, "கையை எடு, கையை எடு" என்று மூன்று தடவை கத்தியிருக்கிறார். இவர் திரும்பவே இல்லை. அவர் ஓடிப்போய் மிஷினை நிறுத்துவதற்குள் துணி சுற்றிக்கொண்டுவிட்டது. துணியோடு போயிற்று. 

அன்றிலிருந்து காது டாக்டரிடம் போகலாம் என்று நச்சரித்தேன். மூன்று தடவை நேரம் வாங்கினேன். ஒரு தடவை தலைவலி, ஒரு தடவை அவசர வேலை, ஒரு தடவை வாசல்வரை வந்து திரும்பிவிட்டார். காதில் கோளாறே இல்லை, புது ஸ்பீக்கர்தான் வேண்டும் என்று அவர் ஒரு வாரம் அடம்பிடித்தார், வாங்கவே கூடாது என்று நான் கத்தினேன். கடைசியாக நடந்த சண்டையில்தான் அவர் வாயிலிருந்து அது விழுந்தது. "நல்ல பெரிய நடு ஸ்பீக்கர் ஒண்ணு போட்டுக் குடு. அதுலயும் பேச்சு புரியலைன்னா நானே உன் டாக்டர்கிட்ட வரேன். போதுமா?"

போதும் என்றேன். பிடிவாதக்காரர்தான், ஆனால் சொன்ன சொல் மாற மாட்டார். உடனே என் தம்பிக்குப் போன் போட்டேன். வீடு வீடாகப் போய் ஸ்பீக்கர் செட் மாட்டிக் கொடுப்பதுதான் அவன் தொழில். அவருக்குத் தெரியாமல் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு டாக்டரிடம் நான்காவது தடவையாக நேரமும் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் முடியாவிட்டால் திங்கள் எட்டு மணிக்கு அவர் மறுபடியும் அந்த மிஷின் முன்னால் நிற்பார்.

தம்பி பெட்டியைக் கூடத்தில் இறக்கியதும் எனக்கு மூச்சு நின்றுவிட்டது.

"என்னடா இது? உள்ள ஒரு ஆள் படுத்துத் தூங்கலாம் போல இருக்கு!"

"பெருசா வேணும்னு நீதானே அக்கா சொன்னே? படத்துல பேசற பேச்சு மொத்தமும் இதுலதான் வரும். ரெண்டு பக்கமும் ஏற்கெனவே இருக்கற ஸ்பீக்கர் பாட்டுக்கும் மழைக்கும்தான்."

டிவியை இவரும் தம்பியுமாகத் தூக்கிக் கட்டிலில் சாய்த்து வைத்தார்கள். டிவி ஸ்டாண்டின் நடு அறையில் ஸ்பீக்கரை வைப்பதாக ஏற்பாடு. இவர் சட்டைப்பையிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்தார். அது இல்லாமல் அவர் சாப்பிடக்கூட உட்கார மாட்டார். ஸ்பீக்கரின் உயரத்தை அளந்தார், அறையின் உயரத்தை அளந்தார், மறுபடியும் இரண்டையும் அளந்தார்.

"ரெண்டு நூல் இடிக்குது" என்றார்.

ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல். இரண்டு நூல் என்பது சுண்டுவிரல் அகலம்கூட வராது. ஆனால் அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அப்ப போகாது மச்சான். திருப்பி எடுத்துட்டுப் போயிடு. நான் என்ன பண்ண முடியும்?"

"மேலயே வெச்சுடலாம் மாமா. டிவிக்கு முன்னாடி."

தம்பி டிவியைத் திரும்ப நிறுத்தி, அதற்கு முன்னால் பெட்டியை வைத்து, செய்தியை ஓட விட்டான். திரையின் அடிப்பக்கம் கால்வாசி மறைந்தது. செய்தி வாசிக்கிற பெண்ணின் கண்ணும் மூக்கும்தான் தெரிந்தன.

"வேணாம், வேணாம். எடு முதல்ல" என்று இவர் பதறினார்.

"கொஞ்சம்தானே மாமா மறையுது?"

"வாய் தெரியலை" என்றார். சொன்ன பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டார்.

 எனக்குச் சுருக்கென்றது. அடுக்களையிலிருந்து நான் கூப்பிட்டால் ஏன் பதில் வராது, எதிரில் நின்று பேசினால் மட்டும் ஏன் டக்டக்கென்று பதில் சொல்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. வெறும் வாயைப் பார்த்தே மனுஷர் எத்தனை நாளாக எங்களை ஏமாற்றியிருக்கிறார்! அடுத்த நொடி இன்னொன்றும் உறைத்தது. சாயங்காலம் படத்தில் வாயைப் பார்த்துச் சமாளித்துவிட்டால், காலையில் நேரே பட்டறைக்குப் போய்விடுவார். சக்குக்கு ஏது வாய்?

"அடியில இருக்கற ரப்பர் காலைக் கழட்டிட்டா?" என்று தம்பியைக் கேட்டேன்.

"தடதடன்னு அதிரும். அப்புறம் பேச்சு தெளிவா இருக்காது."

அது ஆகாது. தெளிவாக இல்லை என்று சொல்ல அவருக்கு ஒரு சாக்கு கிடைத்துவிடும். ஒரு சாக்குகூட மிஞ்சக் கூடாது.

"அப்ப மரத்தை அறுங்க."

"என் ஸ்டாண்டையா?" என்று இவர் நெஞ்சில் கை வைத்தார். "தேக்கு! தெரியுமா உனக்கு?"

"தேக்கா இருந்தா என்ன, தங்கமா இருந்தா என்ன? நகருங்க."

அவருடைய கருவிப் பையைத் திறந்து ரம்பத்தை எடுத்து, அறையின் மேல் சட்டத்தில் வைத்து இழுத்தேன். வேண்டுமென்றேதான் கோணலாக இழுத்தேன். இந்த மனுஷரோடு இத்தனை வருஷம் குப்பை கொட்டியவளுக்கு இதுகூடத் தெரியாதா? நான்காவது இழுப்பில் பொறுக்க முடியாமல் வந்துவிட்டார்.

"ஐயோ, கொலை பண்றியே! இப்படிக் குடு."

அதற்கப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. பென்சிலால் கோடு போட்டார், அறுத்தார், அரம் போட்டுத் தேய்த்தார். பெட்டி ஆழமானது என்பதால் பின்பலகையிலும் ஒரு சதுரம் வெட்ட வேண்டியிருந்தது.

"பின்னாடி அரை இன்ச் கூட விடுங்க மாமா, வயருக்கு" என்றான் தம்பி.

"சந்து விட்டா அதுக்குப் பேரு வேலையா? தண்டும் துளையும் ஆட்டமே இல்லாம உக்காரணும். நான் பழகின தொழில் அது."

"இது தண்டு இல்லை மாமா, ஸ்பீக்கர்."

"அளவுன்னா எல்லாத்துக்கும் ஒண்ணுதான்."

தம்பி என்னைப் பார்த்தான். விடு, எப்படியோ உள்ளே போனால் போதும் என்று கண்ணைக் காட்டினேன். வயரை மாட்டி இருவருமாகத் தள்ளினார்கள். பெட்டி சிக்கென்று போய் உட்கார்ந்தது. இவர் விளிம்பைத் தடவிப் பார்த்து, "ஒரு தாள் நுழையாது பாரு" என்றார். சும்மா சொல்லக் கூடாது, வேலை அத்தனை சுத்தம்.

டிவி மேலே ஏறியது. இவர் நாற்காலியை எடுத்து நேர் எதிரே போட்டு, பரீட்சைக்கு வந்தவர் போல் முழங்காலில் கை வைத்து உட்கார்ந்தார்.

"யாரும் பாக்காத படமா போடு" என்று தம்பியிடம் சொன்னேன். "முடிஞ்சதும் என்ன பேசினாங்கன்னு இவர் சொல்லணும்."

"சொல்றேன். சொல்லிட்டா அப்புறம் டாக்டர்ங்கற பேச்சை எடுக்கக் கூடாது" என்றார்.

"எடுக்க மாட்டேன்."

சொல்லிவிட்டேனே தவிர, எதை வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. அவருக்குக் கேட்க வேண்டும் என்று நினைப்பதா, கேட்கக் கூடாது என்று நினைப்பதா? கட்டினவருக்குக் காது கேட்கக் கூடாது என்று வேண்டிக்கொள்கிற நிலைமை எந்தப் பெண்பிள்ளைக்கும் வர வேண்டாம்.

படம் ஓடியது. ஒரு சமையலறை. வெளியே மழை. மேஜைக்கு இந்தப் பக்கம் ஒரு பெண், அந்தப் பக்கம் ஒரு பெரியவர். மழைச் சத்தம் இரண்டு பக்கமும் கொட்டியது. மெல்ல வயலின் சேர்ந்தது. அந்தப் பெண் வாயைத் திறந்தாள்.

ஒன்றும் கேட்கவில்லை.

இனிமேல்தான் பேச்சு வரும் போல என்று நினைத்தேன். பெரியவர் பதில் சொன்னார். அதுவும் கேட்கவில்லை. தம்பி ரிமோட்டை அழுத்தினான். மழைதான் பெரிதாயிற்று. அவன் முகத்தைச் சுளித்தபடி என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். பிறகு இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் இவரைப் பார்த்தோம்.

இவர் முன்னால் குனிந்து, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் சிரித்தபோது இவரும் சிரித்தார்.

"அப்பாடா!" என்றார். "இதுல்ல ஸ்பீக்கர்! ஒவ்வொரு வார்த்தையும் கணீர்னு விழுது. அந்தப் பொண்ணு போகாதீங்கன்னு சொல்லுது. அவர் போய்த்தான் ஆகணும்கறார். சரியா?"

சரியா தப்பா என்று எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் காதில் ஒரு வார்த்தை விழவில்லை.

நான் ஜெயித்துவிட்டேன். எழுந்து நின்று, "பார்த்தீங்களா?" என்று கத்தியிருக்க வேண்டும். ஒரு மாதமாக அதைத்தான் மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவருடைய சந்தோஷமான முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. அழுகைதான் வந்தது.

தம்பி டார்ச்சோடு ஸ்டாண்டுக்குப் பின்னால் குனிந்தான். எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். ஆனால் முகத்தைப் படித்தே காலம் தள்ளுகிற மனுஷரிடம் எதை மறைப்பது?

"என்ன?" என்றார்.

"ஒண்ணுமில்லை மாமா."

இவர் எழுந்து போய் மண்டி போட்டு, ஸ்டாண்டின் பின்னால் கையை விட்டார். பலகை விளிம்பு கவ்வியதில் வயர் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நுனியை வெளியே இழுத்துப் பார்த்தார். செம்பு இழைகளை விரலால் தடவினார். பிறகு திரையைப் பார்த்தார். பெரியவர் இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தார்.

"பேச்சே வரலையா?"

தம்பி டார்ச்சை அணைத்தான்.

"உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணுமே கேக்கலையா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தம்பி படத்தை நிறுத்தினான். இவர் வலது கைச் சட்டையை முழங்கைவரை மடித்தார், திரும்ப இறக்கினார்.

"மூணு தடவை கத்தினானாமே" என்றார். "அவன் ஓடி வந்து எதிர்ல நின்னப்பதான் எனக்குத் தெரிஞ்சுது. பயந்துட்டேன்மா. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

"டாக்டர்கிட்ட நேரம் வாங்கியாச்சு. நாளைக்குப் பத்து மணிக்கு" என்றேன், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே. அவர் "என்ன?" என்று கேட்டார். முந்தானையை இறக்கிவிட்டு, அவருக்கு எதிரில் போய் உட்கார்ந்து, முகத்துக்கு நேராக அதையே மறுபடியும் சொன்னேன். நான் முடிக்கிறவரை அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி" என்றார். "பட்டறைக்கு வரலைன்னு நீயே போன் பண்ணிச் சொல்லிடு."

"ஏன், நீங்க சொன்னா என்ன?"

"போன்ல பேசறது எனக்குக் கேக்காது" என்றார்.

நான் போனை எடுத்தேன்.