பச்சைக் கோட்டு

ஈரப் பஞ்சால் அப்பாவின் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள் மேவிஸ். அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

“பச்சைக் கோட்டைப் பாத்து ஏமாந்துட்டேன். பின்னாலேருந்து தள்ளிட்டேன். கடல்ல விழுந்துட்டா.”

காலையிலிருந்து இதே பேச்சுதான். அம்மாவிடம் பச்சைக் கோட்டு ஒன்று இருந்தது. மேவிஸ் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இந்த மார்கேட் ஊர்க் கடலில் விழுந்துதான் அம்மா போய்ச் சேர்ந்தாள். கால் வழுக்கியதாக அப்பா சொன்னார். இத்தனை வருஷமும் அதை நம்பி, அவருக்கு டீ போட்டு, துணி துவைத்து… கடவுளே, இதைக் கேட்கத்தானா! பெற்ற அப்பன் சாகக் கிடக்கிறார், தொட மனசு வரவில்லை.

மத்தியானம் திராட்சைப் பொட்டலத்தோடு டேப்ஸெல் வந்தார். அப்பா விளக்குப் பிடித்த சினிமாக் கம்பெனியில் உடுப்புகளைப் பார்த்துக்கொண்ட கிழவர்.

“என்னடா வால்டர், சொல்லாமக் கிளம்புறியா?”

“பச்சைக் கோட்டைப் பாத்து…” என்று அப்பா மறுபடி ஆரம்பித்தார். மேவிஸின் முகம் வெளுத்துவிட்டது.

டேப்ஸெல்லோ விறைப்பாக நிமிர்ந்து, போலீஸ்காரர் குரலில், “நீ தள்ளுனது அவளை இல்லய்யா, அவ தங்கச்சியை!” என்றார்.

அப்பாவின் நெற்றிச் சுருக்கம் தளர்ந்தது.

“அங்கிள், என்ன இது?”

“பழைய படத்து வசனம்மா! வில்லனா நடிக்க வேண்டியவன் சம்பளம் வரலைன்னு ஓடிட்டான். உங்கப்பனைப் பிடிச்சு நிறுத்துனோம். அப்ப நீ பொறக்கவே இல்ல.”

“அப்ப அந்தக் கோட்டு?”

“உடுப்புக்கு ஏது காசு? அக்கா தங்கச்சியா நடிச்ச ரெண்டு நடிகைக்கும் ஒரே கோட்டு. அதனாலதானே ஆள்மாறாட்டக் கதையே எழுதுனாங்க! உங்கம்மா தன்னோடதைக் கழட்டிக் குடுத்துட்டு, ஷூட்டிங் முடியுற மட்டும் குளிர்ல நடுங்கிக்கிட்டு நின்னா, பாவம்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லையே!”

“எப்படிச் சொல்லுவான்? நடிப்பு அந்த லட்சணம். கொலை பண்ற இடத்துல தியேட்டரே சிரிச்சுது. முதல்ல சிரிச்சது உங்கம்மாதான்.”

அப்பாடா! மேவிஸின் நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கியது. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, கூடவே அழுகையும். அப்பாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

சத்தம் கேட்டு உள்ளே வந்த நர்ஸ், அப்பாவின் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள்.

“மேவிஸ்… அவர் போயிட்டார்மா.”

“தெரியுது, சிஸ்டர். கை தளர்ந்துபோச்சு.” கையை விடாமலே டேப்ஸெல் பக்கம் திரும்பினாள். “அம்மா எப்படிச் சிரிச்சா, அங்கிள்? அதை இன்னொரு தடவை சொல்லுங்க.”

டேப்ஸெல் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார்.