ஒத்தக்கண்ணனுக்கு இன்னொரு கண்

"இதுல யாரு கை வெச்சது?"

பல்லக்கா கேட்ட தினுசில், கூடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த அண்ணன் தம்பி இரண்டு பேரும் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார்கள். பல்செட் செய்யும் இடத்தில் வேலை பார்ப்பதால் தெருவுக்கே அவள் பல்லக்கா. வேலை விட்டு வந்தவள் கைப்பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை. உள்ளங்கையில் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு ரப்பர் பொம்மை நின்றது. தலையில் வாளியைக் கவிழ்த்துக்கொண்ட சிப்பாய்.

"பாத்துட்டீங்களா அண்ணி?" கொழுந்தனுக்கு வாயெல்லாம் பல். "நாளைக்கு நீங்க கிளம்பறப்ப காட்டலாம்னு இருந்தோம். அண்ணன் ஓட்டை வாயி, சொல்லிட்டாருபோல."

"நான் எங்கடா சொன்னேன்?" என்றார் புருஷன்.

"யாரு கை வெச்சதுன்னு கேட்டேன்."

"நான்தான் அண்ணி. பாவம், ஒரு கண்ணு இல்லாம இருந்துச்சு. போட்டுட்டேன்."

கொழுந்தன் போர்டு எழுதுகிறவன். ஊரில் பாதிக் கடைகளின் பெயர்ப் பலகை அவன் கைவண்ணம்தான். எழுதி முடித்ததும் மூலையில் வால் நீட்டிய சுழி ஒன்றைப் போடுவான். அது அவனுடைய கையெழுத்து. அவன் குடியிருந்த அறையில் கூரை ஒழுக, அதைச் சரிசெய்கிற வரைக்கும் அண்ணன் வீட்டில் தங்கியிருந்தான். தங்கியவன் சும்மா இருந்திருக்கலாம்.

அந்தச் சிப்பாய்க்குப் பெயர் வாளித்தலையன். 'கிணற்று ராஜ்யம்' என்று ஒரு வீடியோ கேம். அதில் வருகிற தவளை ராணி, கயிற்றுச் சடைக்காரி, வௌவால் மந்திரி எல்லாரும் ரப்பர் பொம்மையாக வந்தார்கள். கடை வாசலில் இருக்கும் இயந்திரத்தில் காசு போட்டுத் திருகினால் உருண்டை டப்பா ஒன்று விழும்; உள்ளே யார் இருப்பார் என்பது அவரவர் ராசி. பல்லக்கா வேலை விட்டு வரும் வழியில் திருகித் திருகியே ஒரு பெட்டி நிறையச் சேர்த்துவிட்டாள். ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் பவுடர் தூவி, ஒவ்வொன்றையும் தனித் தனி அறையில் படுக்க வைத்திருப்பாள்.

வாளித்தலையன் எல்லாரிடமும் உண்டு. பல்லக்காவிடம் இருந்தவனுக்கு மட்டும் தொழிற்சாலையில் இடது கண்ணைப் போட மறந்துவிட்டார்கள். கண் இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று வெறும் ரப்பர். சேகரிக்கிறவர்கள் கூட்டத்தில் யாருமே அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. அவள் அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டுத்தான், கண்காட்சி நடத்துகிற மருந்துக்கடைக்காரர் இந்த முறை அவளுக்கென்று தனி மேசையே ஒதுக்கியிருந்தார். இத்தனை நாளும் வேடிக்கை பார்க்கப் போனவளுக்கு முதல் மேசை. அதுவும் நாளைக்கு.

"தம்பி, கண்ணு இல்லாததுதான்டா இதுல விசேஷம்!"

"கண்ணு இல்லாதது விசேஷமா? அண்ணே, என்ன சொல்றாங்க இவங்க?"

"விடேன்," என்றார் புருஷன். "ஒரு பொம்மைக்குப் போய் இந்தக் கத்தலா? உன் மேசைக்கு அழகா இருக்கட்டும்னு அவன் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு போட்டிருக்கான். ஒரு நன்றி சொல்லக் கூடாதா?"

"நன்றியா?" பல்லக்கா திரும்பினாள். "உங்க லிஃப்ட் ரிப்பேர் பையிலேருந்து ஒரு திருப்புளியை எடுத்து என்னைக்கோ பால் பாக்கெட்டைக் குத்தினேன். இன்னை வரைக்கும் சொல்லிக் காட்டுறீங்க. என் பெட்டி மட்டும் சத்திரமா? யாரு வேணாலும் திறப்பாங்க, யாரு வேணாலும் பூசுவாங்களா?"

"அழிச்சிடலாம் அண்ணி. தின்னர் தொட்டு ஒரே ஒரு துடை..."

"தின்னர் பட்டா கண்ணு மட்டுமா போகும்? மூஞ்சியே கரைஞ்சுபோகும். ரப்பர்டா அது! தகரப் பலகைன்னு நினைச்சியா? நாளெல்லாம் பொக்கை வாய்க்குப் பல்லு வெச்சுக் குடுக்கிறவ நான். இல்லாத இடத்தை நிரப்பறதுதான் என் பிழைப்பே. அதுக்குக் கண்ணு வேணும்னா நானே போட்டிருக்க மாட்டேனா? எனக்குப் போடத் தெரியாமலா இருந்துச்சு?"

புருஷன், "உடம்பு சரியில்லைன்னு சொல்லிட்டுப் போகாம இருந்துடேன்," என்று யோசனை சொன்னார். அதற்கு அவள் பார்த்த பார்வையில் எழுந்து உள்ளே போய்விட்டார்.

அவள் போகாமல் இல்லை. மறுநாள் காலை நூலகத்தின் மாடியில் தன் மேசையில் வெள்ளைத் துணியை விரித்து, தவளை ராணியிலிருந்து வரிசையாக நிறுத்தி, நடுவில் அவனை வைத்தாள். முன்னால் மருந்துக்கடைக்காரரே எழுதிவைத்த அட்டை: 'ஒத்தக்கண்ணன்'. பின்னால் இரண்டு கண்ணாலும் முழித்துக்கொண்டு வாளித்தலையன்.

மருந்துக்கடைக்காரர் பூதக்கண்ணாடியோடு வந்தார். பார்த்தார். அட்டையைப் பார்த்தார். மறுபடியும் பொம்மையைப் பார்த்தார்.

"ஏம்மா, இது எல்லார்கிட்டயும் இருக்கிறதாச்சே?"

"இல்லைங்க. இடது கண்ணு இப்பப் போட்டது. என் கொழுந்தன் தெரியாம..."

"போட்ட கண்ணு மாதிரியே இல்லையேம்மா."

அதுதான் கொடுமை. அவ்வளவு சுத்தமாகப் போட்டிருந்தான் பாவி. அந்தக் கண்ணுக்கும் இந்தக் கண்ணுக்கும் மயிரிழை வித்தியாசம் கிடையாது.

பக்கத்து மேசையில் சாவிக்கொத்துகளைப் பரப்பியிருந்த பஸ் கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "போட்டோவுல அழிச்சிருப்பாங்க சார். இப்பல்லாம் போன்லயே ஆளையே அழிக்கலாம். கண்ணு எம்மாத்திரம்?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். பல்லக்காவுக்குக் காது மடல் சுட்டது.

"நான் அப்படிச் சொல்லலைம்மா," மருந்துக்கடைக்காரர் சங்கடத்தோடு அட்டைமேல் கையை வைத்தார். "ஆனா கேக்கிறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? இப்போதைக்கு அட்டையை மட்டும் எடுத்துடட்டுமா?"

"கையை எடுங்க. ஆளைக் கூப்பிடறேன். வந்தப்புறம் எடுக்கறதா வேண்டாமான்னு பேசுங்க."

போனில் புருஷன்தான் கிடைத்தார். விஷயத்தைக் கேட்டதும், "நாலு பேர் முன்னாடி அவனை அவமானப்படுத்தணுமா?" என்றார்.

"நாலு பேர் முன்னாடி நான் பித்தலாட்டக்காரியா நிக்கிறேன். நான் உங்க தம்பி மானத்துக்குக் காவல் காக்கணுமா? அனுப்புங்க. நீங்களும் கூட வாங்க."

கொழுந்தன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தான். பின்னாலேயே அண்ணன், தலையைக் குனிந்துகொண்டு.

"இந்தக் கண்ணைப் போட்டது நீங்களா?" என்று கேட்டார் மருந்துக்கடைக்காரர்.

"நானேதான் சார். ஏன், நல்லா இல்லையா?"

"நல்லா இருக்கிறதுதான் தொந்தரவு. நீங்கதான் போட்டீங்கன்னு எப்படி நம்பறது?"

"வீட்டு ஆளு, சொல்லிக் குடுத்த மாதிரிதான் பேசுவாரு," என்றார் கண்டக்டர்.

கொழுந்தனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "என் வேலையை என் வேலை இல்லைங்கிறீங்களா? கையெழுத்துப் போடாம நான் ஒரு வேலையும் முடிச்சதில்லைங்க!" என்றவன், பல்லக்கா தடுப்பதற்குள் வாளித்தலையனைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்தான்.

உள்ளங்காலில், கடுகளவு, வால் நீட்டிய ஒரு சுழி.

மருந்துக்கடைக்காரர் பூதக்கண்ணாடியைக் கொண்டுபோனார். "அட! என் கடை போர்டு மூலையில இருக்கிற சுழியாச்சே இது! தினமும் ஷட்டரைத் தூக்கறப்ப பாக்கிறேனே!"

"உங்க போர்டும் நம்ம வேலைதான் சார். பச்சை எழுத்து, சிவப்பு ஓரம்."

"அப்ப நிஜமாவே கண்ணு இல்லாமத்தான் இருந்துச்சா? ஐயையோ!" அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "எப்பேர்ப்பட்ட உருப்படி! எப்படிய்யா மனசு வந்துச்சு?"

கண்டக்டர் சாவிக்கொத்தைத் துடைக்கத் தொடங்கினார்.

பல்லக்காவுக்கு இப்போதுதான் நிஜமாகக் கொதித்தது. "கால்லயும் பூசினியா? கண்ணோட விட்டியேன்னு நினைச்சேன், உள்ளங்காலைக்கூட விடலையா நீ?"

"அது பழக்கம் அண்ணி..."

"இங்க நில்லு. சாயங்காலம் கதவடைக்கிற வரைக்கும் இந்த மேசையை விட்டு நகரக் கூடாது. வர்றவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் உன் வாயாலயே சொல்லு. அதுக்கு முன்னாடி வேற அட்டை எழுது. 'ஒத்தக்கண்ணன். இடது கண், சொந்தக்காரியைக் கேட்காமல் போடப்பட்டது.'"

"கேட்காமல்னு போடணுமா அண்ணி?"

"போடு. அதை மட்டும் பெரிசாப் போடு."

கொழுந்தன் எழுதினான். முதலில் வந்த தம்பதியிடம், "இந்தக் கண்ணு நான் போட்டது," என்று நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னான். அந்த அம்மாள், "அடப்பாவி!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்து வந்தவர் அவனைக் கால் முதல் தலை வரைக்கும் பார்த்துவிட்டுப் போனார். ஒருத்தர் போய்ப் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மதியத்துக்குள் அவன் குரல் மேசைக்குக் கீழே இறங்கிவிட்டது.

சாயங்காலம் ஒரு பெண் அவனிடம் குனிந்து கேட்டாள்: "என் தவளை ராணிக்கு மூக்கு விட்டுப்போச்சு. இதே மாதிரி போட்டுத் தருவீங்களா?"

கொழுந்தன் அண்ணியை ஓரக்கண்ணால் பார்த்தான். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். "வேணாம்மா. மூக்கு இல்லாததுதான் விசேஷம். பத்திரமா வெச்சுக்குங்க. முக்கியமா, வீட்டுக்கு யாராவது தங்க வந்தா பெட்டியைப் பூட்டுங்க."

பின்னால் நின்ற புருஷன் இதுதான் சமயம் என்று பக்கத்தில் வந்தார். "பாரு, அவனுக்கே புரிஞ்சுபோச்சு. அவ்வளவு கூட்டமும் உன் மேசைக்குத்தான். இப்பவாவது கோவம் போயிடுச்சா?"

பல்லக்கா பொம்மைகளைப் பெட்டிக்குள் படுக்க வைத்துவிட்டுக் கடைசியாக அட்டையை எடுத்தாள். எழுத்து முத்து முத்தாக இருந்தது. கீழே, வலது மூலையில், வால் நீட்டிய ஒரு சுழி.

"இல்லை," என்றாள்.