கூந்தல் தைலம் தின்ற மூன்று பக்கங்கள்

பத்திரிகையின் துர்கா பூஜைச் சிறப்பு மலரைப் புரட்டிய சுப்ரபா சர்க்கேலுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. எட்டு மாதம் உயிரைக் கொடுத்து எழுதிய நாவல். அதில் மருமகள் மிருண்மயி புருஷன் வீட்டை விட்டுப் படியிறங்கிப் போகும் கடைசி மூன்று பக்கங்களைக் காணோம்! அந்த இடத்தில் கூந்தல் தைல விளம்பரம். மிருண்மயி புருஷனுக்குச் சோறு போட்டு, மீன் தலையை எடுத்து வைப்பதோடு கதை முடிந்துவிட்டது. ஆகா, என்ன பொறுமைசாலி மருமகள் என்று இரண்டு மாமியார்கள் கடிதம் வேறு போட்டிருந்தார்கள்.

பத்திரிகை ஆபீஸ் கல்கத்தா காலேஜ் தெருவில், அவளே நடத்தும் பதிப்பகத்திலிருந்து நாலு கடை தள்ளி. ஆசிரியர் பவதோஷ் பாக்சி அவளைவிடப் பத்து வயது இளையவன்; அக்கா என்ற உரிமையில் 'தீதி' என்றுதான் கூப்பிடுவான்.

"வாங்க தீதி, டீ சொல்லட்டுமா?"

"உன் டீயைக் கொண்டுபோய்க் குப்பையில கொட்டு! என் முடிவு எங்கடா?"

"தைலக் கம்பெனிக்காரன் கடைசி நேரத்துல மூணு பக்கம் கேட்டான். அச்சுல பதினாறு பதினாறு பக்கமாத்தான் ஏறும்; மூணு பக்கத்துக்காக இன்னொரு ஃபாரமா ஓட்ட முடியும்? மகாளய அமாவாசைக்குள்ள மலர் கடைக்கு வர வேண்டியிருந்துதே!"

"கேட்டிருந்தா நடுவுல மழை வர்ணனையைத் தூக்கியிருப்பேனே, பாவி!"

"இதுவும் நல்லாத்தானே இருக்கு? குடும்பம் உடையல. எங்க வீட்டுல ஷெஃபாலிகூட படிச்சா. புஸ்தகமா போடறப்ப நீங்களே சேர்த்துக்குங்க."

"மலர்ல படிச்சவ எவடா மறுபடி புஸ்தகம் வாங்குவா?"

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் அவளுக்குத் தாங்கவில்லை. நேரே தன் அச்சகத்துக்குப் போய், அச்சில் ஓடிக்கொண்டிருந்த பாடநூலை நிறுத்தச் சொன்னாள். மறுநாள் காலை, மூன்று பக்கங்களையும் தனித்தாளாக அடித்துக் கட்டோடு அவன் ஆபீஸ் வாசலில் நின்றாள். மலர் வாங்கி வெளியே வந்தவர்கள் கையிலெல்லாம் ஒன்றைத் திணித்தாள்.

"இதையும் படிங்க. உள்ள இருக்கிறவன் வெட்டிப் போட்டது."

"தீதி, மானத்தை வாங்காதீங்க!" என்று உள்ளேயிருந்து கத்தினான் பவதோஷ்.

"என் மிருண்மயியை அடுப்படியில வெச்சுப் பூட்டினியே, அப்ப எங்க போச்சு உன் மானம்?"

மதியம் வழக்கம்போல் அவனுக்குப் பரிமாறச் சாப்பாட்டுக் கேரியரோடு வந்தாள் அவன் மனைவி ஷெஃபாலி. தாளை வாங்கி நின்றபடியே கடைசி வரி வரை படித்தாள்.

"அப்ப அவ போயிடறாளா?"

"போயிடறா."

"இந்த மனுஷன் எங்கிட்ட மூச்சு விடலையே!"

தாளை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். கேரியரைச் சுப்ரபா கையில் வைத்தாள்.

"மீன் தலை இதுலதான் இருக்கு தீதி. அவரையே எடுத்துப் போட்டுக்கச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு டிராமைப் பிடிக்க ஓடினாள்.