எலுமிச்சை மாலையின் பாரம்

முத்துப்பாண்டி நிம்மதியாகத் தூங்கி வருஷங்கள் ஆகிவிட்டன. விருதுநகர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்தியது போக, மிச்ச உயிரையெல்லாம் ஓர் இயந்திரக் கைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான். எல்லாம் அப்பாவுக்காக. செல்லச்சாமிக்கு ஆமத்தூர்ப் பட்டாசு ஆலை ஒன்றில், மருந்து கலக்கும் மேசையை ஈரத்துணியால் துடைக்கும் வேலை. கொஞ்சம் அழுத்தித் தேய்த்தால் ஆளே மிஞ்ச மாட்டார். அந்த இடத்தில் கை நிற்க வேண்டும், அப்பா வெளியே வர வேண்டும்.

கையின் மூளை ஒரு நியூரல் நெட்வொர்க். எவ்வளவு அழுத்துகிறோம் என்று மணிக்கட்டில் உணர்ந்து தன்னைத்தானே திருத்திக்கொள்ளும். முதலாளி ரத்தினசாமி காலி ஷெட் ஒன்றைக் கொடுத்து, மருந்துக்குப் பதில் கரித்தூளை வைத்துச் செய்துகாட்டச் சொன்னார். சீசன் நேரம், ஒரே தடவைதான் பார்ப்பேன் என்றும் சொல்லிவிட்டார்.

இடையில் ஆயுத பூஜை வந்தது. ஆலைப் பெண்கள் மற்ற மிஷின்களோடு இதற்கும் சந்தனம் பூசி, மணிக்கட்டில் கனத்த எலுமிச்சை மாலையைப் போட்டுவிட்டார்கள். சாமி காரியம், கழற்றச் சொல்ல அவனுக்குக் கூச்சம். கொஞ்சம் திமிரும் உண்டு: கிடக்கட்டும், இதையும் கற்றுக்கொள்ளும். கற்றுக்கொண்டது. மாலையின் பாரத்தையும் தன் பாரமாக எடுத்துக்கொண்டு பூப்போலத் துடைத்தது.

முதலாளி வந்த அன்று அது அந்தரத்தில் துடைத்தது. யாரோ சிரித்தார்கள். மேசை தட்டுப்படவில்லை என்று அதற்கே உறைத்து, இறங்கி இறங்கி, கடைசியில் ணங்கென்று இடித்தது. கரித்தூள் எழும்பி முதலாளியின் வெள்ளைச் சட்டையில் படிந்தது.

“தம்பி, இது கரி. மருந்தா இருந்தா நாம இங்கன நின்னு பேசிக்கிட்டு இருப்பமா?” கோபமில்லாமல்தான் சொன்னார். சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

அப்புறம்தான் முத்துப்பாண்டி பார்த்தான். மணிக்கட்டு மொட்டையாக இருந்தது.

“காஞ்ச மாலையோட முதலாளி முன்னால நிக்க வேண்டாமேன்னு நாந்தான் கழட்டுனேன். அதனால எதுவும் ஆயிருச்சாலே?” என்றார் செல்லச்சாமி.

அதனால்தான் ஆயிற்று. இல்லாத பாரத்தைத் தூக்கிக்கொண்டு கை எம்பியிருக்கிறது. சொன்னால் மனுஷன் சாகிறவரை மருகுவார். முத்துப்பாண்டிக்கு அழக்கூடத் தெம்பில்லை.

“இல்லப்பா. மிஷின்லதான் கோளாறு.”

அவர் முகம் தெளிந்தது. “அப்பச் சரி. நாளைக்கு மருந்து மேசைக்கு நானே போறேன்” என்றபடி துணியை நனைத்துப் பிழிந்து, சிதறிக் கிடந்த கரித்தூளைத் துடைக்க ஆரம்பித்தார்.