பாலக்கரைக்கும் டப்ளினுக்கும் நடந்த வாசிப்புப் போட்டி

1

இந்தக் கதை ஒரு வீடியோ காலில் பிறந்தது. கௌரவமான பிறப்பு இல்லைதான். மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

(முதலில் எழுதிய தொடக்கம்: 'காவிரியில் தண்ணீர் திறந்துவிட்ட ஓர் இளங்காலையில்...' அடித்துவிட்டேன். நடந்தது மத்தியானம் மூன்று மணிக்கு. காவிரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

அழைத்தவன் என் தம்பி பிலோமின்ராஜ். மகனோடு டப்ளினில் இருக்கிறான்.

"அண்ணே, பதினஞ்சு வயசுப் பிள்ளைங்க எவ்வளவு ஆழமாப் படிக்குதுன்னு நாடு நாடா டெஸ்ட் வெச்சிருக்காங்க. பெலிண்டா நாடு மேல நிக்குது."

பெலிண்டா அவன் பேத்தி. பத்து வயது வரை பாலக்கரையில் ஓடித் திரிந்தவள். டப்ளின் போன ஐந்து வருடத்தில் அது அவள் நாடாகிவிட்டது.

"நம்ம நாடு எத்தனாவது?"

"லிஸ்ட்லயே இல்லண்ணே."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். (எப்போதும் நிமிர்ந்துதான் உட்காருவேன். இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தேன்.)

"கலந்துக்காதவன் தோத்தவன் இல்லடா."

"அப்ப கலந்துக்கட்டும். உங்க ஆன்சியும் எங்க பெலிண்டாவும். ஜெயிச்சவதான் ஆகஸ்ட்ல முதல் வாசகம். நாங்களும் திருவிழாவுக்கு வரோம்ல."

வெளியூர் வாசகர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் பங்குக் கோவிலில், அதாவது எங்கள் பகுதிச் சர்ச்சில், மாதா திருவிழாத் திருப்பலியன்று வேதாகமத்திலிருந்து முதல் வாசகம் வாசிப்பது எங்கள் வீட்டு உரிமை. லத்தீன் போய்த் தமிழில் பூசை வந்த புதிதில் என் அப்பா தொடங்கினார். அவருக்குப் பிறகு நான், பிறகு என் மகன். இந்த வருடம் என் பேத்தி ஆன்சியின் முறை. மூத்தவன் கிளை அதை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

"சரி" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

2

நடுவராக ரெங்கராஜை வைத்தோம். பொன்மலை ரயில்வே அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேஜைக்காரர். இப்போது ஸ்ரீரங்கத்தில், வடக்கு உத்திர வீதியில் இருக்கிறார். உறவுமில்லை, எங்கள் பங்குமில்லை. காவிரிக்கு அந்தப் பக்கம் இருப்பதால் நடுநிலை நாடு.*

இந்தப் பாத்திரத்தை நீக்கிவிடலாமா என்று மூன்று முறை யோசித்தேன். இவர் இல்லையென்றால் பத்தாவது கேள்வி இருந்திருக்காது. எனக்கும் மானம் போயிருக்காது. ஆனால் நடந்ததில் இவர் இருந்தாரே, என்ன செய்ய?

பிள்ளைகள் படிக்க வேண்டிய பகுதியை நான் எழுதுவது, கேள்விகளை அவர் எழுதுவது என்று ஏற்பாடு. நான் எங்கள் குடும்ப வரலாற்றையே எழுதினேன். தோற்றாலும் பெலிண்டா நம் பெருமையைத் தெரிந்துகொண்டு தோற்கட்டும் என்ற நல்லெண்ணம். அதில் ஒரு பத்தி இது:

'அப்பா வாசக மேடை ஏறினார். புத்தகத்தைத் திறந்தார். ஒரு முறைகூடக் குனியாமல், மக்களைப் பார்த்தபடியே, ஓர் எழுத்துப் பிசகாமல் வாசித்து முடித்தார். அதற்கு முந்திய பத்து நாளும் அம்மா அந்தப் பகுதியைச் சமையலறையில் உரக்க வாசித்துக்கொண்டே இருந்தாள். அவ்வளவு பக்தியான வீடு. மறுவருடம் பங்குச் சாமியார் கடைசி நேரத்தில் வேறு பகுதியை வாசிக்கச் சொன்னபோது, தொண்டை கட்டிவிட்டது என்று அப்பா மறுத்துவிட்டார். அவ்வளவு மானஸ்தர்.'

ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் போய் ரெங்கராஜிடம் கொடுத்தேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க சார். இதையேதான் குடுக்கப் போறீங்களா?"

"ஏன், பிழை இருக்கா?"

"பிழையெல்லாம் இல்ல" என்றார்.

* ரெங்கராஜ் இந்த வரியைப் படித்துவிட்டு, அவர்தான் இந்தப் பக்கம், நான்தான் அந்தப் பக்கம் என்று ஆட்சேபித்தார். பதிவு செய்கிறேன்.

3

ஞாயிறு மூன்று மணி. ரெங்கராஜ் என் வீட்டுக் கூடத்தில். மேஜையில் ஆன்சி. போனில் பெலிண்டா, அவள் தோளுக்குப் பின்னால் தம்பியின் பாதி முகம். ஒன்பது கேள்விகளில் இருவரும் சமம். பத்தாவது கேள்வி: 'இதில் எழுதியவர் சொல்லாமல் விட்டது என்ன?'

ஆன்சியின் தாளையும், பெலிண்டா போனில் படமெடுத்து அனுப்பிய விடையையும் ரெங்கராஜ் வாங்கிக்கொண்டார். படித்தார். என்னைப் பார்க்கவில்லை.

"ரெண்டு பேரும் ஒண்ணேதான் சார் எழுதியிருக்காங்க. நீங்களே கேட்டுக்குங்க."

ஆன்சி தயங்கினாள். "தாத்தா... பூட்டனுக்குப் படிக்கத் தெரியாது. அவங்க வீட்டம்மா வாசிக்க வாசிக்கக் கேட்டு மனப்பாடம் பண்ணியிருக்கார்."

"நான் அப்படி எழுதவே இல்லையே!"

"எழுதாமதான் எழுதியிருக்கீங்க."

போனிலிருந்து பெலிண்டா: "அதான் பெரிய தாத்தா, வேற பகுதின்னதும் அவருக்குத் தொண்டை கட்டிடுச்சு."

(இந்த இடத்தில் 'நான் கம்பீரமாகச் சிரித்தேன்' என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். சிரிக்கவில்லை.)

உண்மை அதுதான். ஏழாம் வகுப்பில் என் ரிப்போர்ட் கார்டில் அப்பா கைநாட்டு வைக்கப் போனதைப் பார்த்தேன். அன்றிலிருந்து அவர் கையெழுத்தை நானே போட்டேன். அறுபது வருடம் யாரிடமும் சொல்லவில்லை. குறிப்பாகத் தம்பியிடம். அவனாவது எழுதப் படிக்கத் தெரிந்த அப்பாவின் பிள்ளையாக இருக்கட்டும் என்று.

போனில் தம்பியின் முகம் முழுதாக வந்தது.

"அண்ணே. என் கார்டுல அவர் கையெழுத்தை யார் போட்டதுன்னு நினைச்சீங்க?"

"உனக்குத் தெரியுமா?"

"உங்களுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டீங்கன்னு சொல்லலண்ணே."

ரெங்கராஜ் எழுந்து குடையை எடுத்தார். "மேட்ச் டிரா. நான் கெளம்பறேன் சார்."

4

முதல் வாசகம் யாருக்கு?

முடிவு ஒன்று: ஆளுக்குப் பாதி. வேண்டாம், பந்தியில் அப்பளம் உடைப்பதா இது?

முடிவு இரண்டு: சீட்டுக் குலுக்கிப் போட்டு, ஆன்சியின் பெயர் வந்து, நான் பெருந்தன்மையோடு... (நிறுத்திவிட்டேன். என் பெருந்தன்மை எனக்கே நம்பும்படியாக இல்லை.)

உண்மையில் முடிவு செய்தது அவர்கள் இருவரும்தான். எனக்குத் தெரியாமல் போனில் பேசி வைத்திருந்தார்கள்.

"நாங்க ரெண்டு பேரும் வாசிக்கல. நீங்க வாசிங்க தாத்தா" என்றாள் ஆன்சி.

"என் முறை முடிஞ்சுபோச்சும்மா."

"பூட்டன் மாதிரி. குனியாம."

பத்து நாளாக ஆன்சி சமையலறையில் உரக்க வாசிக்கிறாள். நான் வெங்காயம் உரித்தபடி கேட்கிறேன். சனிக்கிழமைகளில் பெலிண்டா போனில் ஒப்பிக்கச் சொல்லித் திருத்துகிறாள். இரக்கமே இல்லை. ஐந்தாவது வரியில் அரக்கப் பாம்பு வருகிறது, அதற்கு எத்தனை தலை, எத்தனை கொம்பு என்பதில் தினமும் விழுகிறேன். எழுதப் படிக்கத் தெரிந்த எனக்கே இந்தப் பாடு. ஓர் எழுத்தும் தெரியாமல் அந்த மனிதர் எப்படி நின்றார்? அவரைப் பற்றி நான் வாய் திறக்காமல் காப்பாற்றிய கௌரவத்தைவிட, அவரே சம்பாதித்தது பெரிதாக இருக்கிறது.

திருவிழா பதினைந்தாம் தேதி. பங்கில் பெயர் கொடுத்தாயிற்று. தம்பி குடும்பம் முதல் வரிசையில் உட்காரும். ரெங்கராஜும் வருகிறார், நடுவராகத்தான்.

அன்று நான் குனிவேனா மாட்டேனா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். 'ஒரு முறைகூடக் குனியவில்லை' என்று நான் எழுதினால் இனிமேல் நீங்கள் நம்பப் போவதில்லை. எங்களைப் பற்றி இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்களே.